காடு திரும்ப வளர்றப்ப நைட்ரஜன் எங்கேருந்து வருது?

பனாமா கால்வாய்ல கப்பல் ஓடறதுக்குத் தண்ணி குடுக்கற காட்டுல நிறைய இடத்தை மாட்டு மேய்ச்சலுக்காக வெட்டி எரிச்சுட்டாங்க. எரிக்கறப்ப மரத்துல இருந்த நைட்ரஜன்ல பெரும்பகுதி வாயுவா காத்தோட போயிடும், பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் சாம்பல்ல கொஞ்சம் தங்கும், அதுலயும் ஒரு பங்கை மழை அடிச்சுட்டுப் போயிடும். அப்புறம் மாடும் போனதும் அங்க வந்து உக்கார்றது நாணல், நம்ம ஆத்தங்கரை நாணலேதான், ஆசியாவுலேர்ந்து போய் அங்க பெரிய களையாயிடுச்சு, கோடையில அது தீப்பிடிச்சா மிச்சம் மீதி நைட்ரஜனும் காலி.

இந்த மண்ணுல திரும்ப காடு வருது பாருங்க, அதான் எனக்கு ஆச்சரியம்!

அங்க ஆகுவா சாலுத்ங்கற இடத்துல அமெரிக்காவோட ஸ்மித்சோனியன் ஆராய்ச்சி நிறுவனம், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் இதுங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பல வயசுக் காடுகளை ஒப்பிட்டுப் பாத்து 2013ல முடிவை வெளியிட்டாங்க. முதல் 12 வருஷத்துல காடு வளரத் தேவையான நைட்ரஜன்ல பாதிக்கு மேல பயறு குடும்பத்து மரங்க காத்துலேர்ந்து பிடிச்சதுதான். முக்கியமா இங்கா மரம், காய உடைச்சா கொடுக்காப்புளி மாதிரி வெள்ளையா இனிப்பா சதை இருக்கும் (கொடுக்காப்புளியே அந்தப் பக்கத்துலேர்ந்து நம்மூருக்கு வந்ததுதான்).

காத்துல 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் மரத்தால அதை நேரா எடுத்துக்க முடியாது, வேர்முடிச்சுல இருக்கற பாக்டீரியாதான் அதை அம்மோனியாவா மாத்தித் தரணும். நிலக்கடலைச் செடியப் புடுங்கினா தெரியுமே, அதே முடிச்சுதான், நகத்தால கீறினா உள்ள இளஞ்சிவப்பா இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். அந்த நிறத்தைக் குடுக்கறது நம்ம ரத்தத்து ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதம், ஆக்சிஜன் அண்டினா பாக்டீரியாவோட நொதி கெட்டுடும், அதனால ஆக்சிஜனைப் பிடிச்சு வெச்சுக்குது.

இதுக்கு மரம் நிறைய சர்க்கரை செலவு பண்ணணும். அதனாலதான் இளங்காட்டுல மும்முரமா நடக்குது, இலை உதிர்ந்து மக்கி மண்ணுல நைட்ரஜன் சேந்து பக்கத்து மரங்களுக்கும் கிடைக்க ஆரம்பிச்சதும் இங்கா மெல்ல நிறுத்திக்குது, முதிர்ந்த காட்டுல ஒரு பெரிய மரம் சாஞ்சு வெளிச்சம் விழற இடத்துல திரும்ப ஆரம்பிக்கும். எத்தனை கன்னு நட்டோம்னு மட்டும் கணக்கு காட்றவங்க கிட்ட இதுல பயறு குடும்பம் எத்தனைன்னு கேக்கணும்னு தோணும் எனக்கு.

பாஸ்பரஸ் கதை வேற. அதைக் காத்துலேர்ந்து பிடிக்க வழியே இல்ல, பெரும்பாலும் பாறை கரைஞ்சுதான் வரணும், இந்த மாதிரி பழைய செம்மண்ணுல பாறைச் சத்து எப்பவோ தீந்தாச்சு, மிச்சத்தை இரும்பும் அலுமினியமும் இறுக்கிப் பிடிச்சிருக்கும். அதனால மரங்க இலை உதிர்றதுக்கு முன்னாடியே அதுல இருக்கற பாஸ்பரஸை முடிஞ்சவரை உள்ள இழுத்துக்கும், உதிர்ந்த இலையில தங்கினதையும் மக்கற சருகுக்குள்ளயே வேரும் வேர்ப்பூஞ்சையும் புகுந்து மண்ணுக்குப் போறதுக்குள்ள எடுத்துக்கும். அந்தச் சருகை ஒரு தடவை எரிச்சா இந்தச் சுழற்சியே அறுந்துடுது.