வாடிய கோழிக்கு வாயில் தண்ணீர் ஊற்றலாமா?

போன கோடையில் ஓர் ஆத்தா தன் பெருவிடைக் கோழியை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தார். இரண்டு நாளாக வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல். "தொண்டை காஞ்சு கெடக்குதேன்னு சங்குல ரெண்டு தடவ தண்ணி ஊத்துனேன் சாமி, அப்புறந்தான் கொர்ருகொர்ருங்குது" என்றார். மேசையில் வைத்த கொஞ்ச நேரத்தில் கோழி செத்துவிட்டது. ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கியிருந்தது. பிள்ளைக்கு ஊற்றுவதுபோல் பாசமாகத்தான் ஊற்றியிருக்கிறார்.

கோழியின் அலகைத் திறந்து பாருங்கள். நாக்கு முடியும் இடத்துக்குப் பின்னால், நட்டநடுவில் ஒரு சிறு பிளவு திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழலின் வாய். நமக்கு இருப்பதுபோல் அதற்கு மேலே மூடி கிடையாது. தெம்பாக இருக்கும் கோழி தானே குடித்துக்கொள்ளும். தலை தொங்கிப்போன கோழிக்கு ஊற்றினால் புரையேறிவிடும்.

முதல் வேலை, சூடு. கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். உடம்பு குளிர்ந்து கிடந்தால் இரைப்பை (கழுத்தின் அடியில் தீனி தங்கும் பை) வேலை செய்யாது. அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் குண்டு பல்பு வெளிச்சம் படும்படி வைத்து, கதகதப்பு வந்தபின் தண்ணீரைப் பற்றி யோசியுங்கள்.

வாயில் ஊற்றாமல் நேராக இரைப்பைக்கே தண்ணீர் ஏற்ற, மருந்துக்கடையில் 14 எண் ரைல்ஸ் டியூபும் (நோயாளிகளுக்கு மூக்கு வழியாக உணவு செலுத்தும் மெல்லிய குழாய்) அதில் இறுக்கமாகப் பொருந்தும் சிரிஞ்சும் வாங்குங்கள். கழுத்தை நீட்டி, அலகு நுனியிலிருந்து இரைப்பை வரை டியூபை வைத்து அளந்து பேனாவால் குறியிடுங்கள். ஒருவர் கோழியைத் துண்டில் சுற்றி நிமிர்த்திப் பிடிக்க, நீங்கள் டியூபை நனைத்து, கோழியின் இடது வாயோரம் நுழைத்துத் தொண்டையின் வலப்பக்கமாக இறக்குங்கள். தடுத்தால் அழுத்தாதீர்கள். குறி வரை போனதும் சிரிஞ்சைத் தொடுவதற்கு முன் இரண்டு விரலால் கழுத்தைத் தடவுங்கள். வளையம் வளையமாக நெருடுவது மூச்சுக்குழல். அதற்குப் பக்கத்தில் டியூப் தனியாகத் தட்டுப்பட வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதென்றால் உருவிவிடுங்கள். முதல் தடவை ஒரு கால்நடை மருத்துவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அரைகுறையாகக் கலக்காமல், முழுசாக ஒரு லிட்டரில் கரையுங்கள். மணிக்கட்டில் விட்டால் இளஞ்சூடாக இருக்கட்டும். ஒன்றரைக் கிலோ கோழிக்கு முதலில் 15 முதல் 20 மில்லி, மெதுவாக. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து இரைப்பை காலியாகியிருந்தால் 30 மில்லி. வாயில் தண்ணீர் ததும்பினால் டியூபை மடித்துப் பிடித்தபடி உருவி, உடனே தலையை விட்டுவிடுங்கள். அதுவே உதறித் தள்ளிவிடும்.

நீர்ச்சத்து ஏறி, இரைப்பை ஒழுங்காகக் காலியாகும்வரை தீனி வேண்டாம். அதற்குப் பிறகு குஞ்சுத் தீவனத்தைக் கரைத்து வடிகட்டி, நீர்க்கக் கொடுங்கள். பால் வேண்டவே வேண்டாம். இரைப்பை வீங்கி, கல்லுபோல் இருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ எதுவும் ஏற்றாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

கழுத்து திருகிக்கொண்டால் ராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கலாம். அதைக் குணமாக்க மருந்தில்லை, வருமுன் போடும் தடுப்பூசிதான் காக்கும். நோய்க்கோழியைத் தனியாக அடையுங்கள், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். திடீரென்று பல கோழிகள் சேர்ந்து விழுந்தால் டியூபைத் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். தேறிவரும் கோழி தானாகக் கொத்தித் தின்னவும் குடிக்கவும் ஆரம்பித்ததும் டியூபை நிறுத்திவிடலாம்.