அருங்காட்சியகத்துக்கு வரும் பிள்ளைகள் வரிசையில் நின்றால் போதுமா?

அருங்காட்சியகக் கல்விப் பணிக்கு நான் வந்த புதிது. காரைக்குடிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் செட்டிநாட்டு வீடுகள் பற்றிய ஒரு காட்சிக்கூடத்துக்கு அழைத்துப்போனேன். பர்மா தேக்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு என்று முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசிவிட்டு, "ஏதாவது கேட்கணுமா?" என்றேன். ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"சாப்பாடு எப்ப சார்?"

தப்பு அவன்மேல் இல்லை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனுக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. விளக்கிச் சொன்னது பார்வையாளர் மனதில் தங்கவில்லை. உளவியலாளர் அபிகெயில் ஹவுசனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய முறையில் மூன்றே கேள்விகள்தான். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும். எனக்கு அதுதான் கஷ்டம்.

அடுத்த முறை ரவிவர்மாவின் லட்சுமி படத்தை எடுத்துப்போனேன். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்துப் படங்கள் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் தொங்குகின்றன. பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். "தாமரை மேல நிக்கிறாங்க, பூ முங்கவே இல்லையே" என்றாள் ஒருத்தி. "அப்ப அவங்களுக்கு வெயிட்டே கிடையாது" என்றான் இன்னொருவன். அரை மணி நேரம் சண்டை. நான் பேசியது நாலு வரி இருக்கும்.

பார்த்தது போதாது, கையும் வேலை செய்ய வேண்டும். அதற்கு, பூவேலைத் தரைக்கல் செய்யும் ஆத்தங்குடியைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது. தட்டையான கண்ணாடிமேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்குவார்கள். அப்புறம் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவிடுவார்கள். சூளையே கிடையாது, பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. முதலில் ஊற்றியதுதான் கடைசியில் மேல்முகம், அதனால் கல்லைத் திருப்பும்வரை எப்படி வந்திருக்கிறது என்று தெரியாது. சட்டென்று அச்சைத் தூக்கிய ஒரு பையனின் சிவப்பு பச்சைக்குள் ஓடியிருந்தது. "இது தப்பா, டிசைனா?" என்று கேட்டான். கல் செய்பவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கண்ணாடியை நீட்டினார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். கைவினைஞரை "செய்து காட்ட" அழைக்கும் நிகழ்ச்சிகளில் ஃபிளெக்ஸ் பேனருக்குக் காசு இருக்கிறது, அவருடைய ஒருநாள் கூலிக்கு இல்லை. நானே பார்த்திருக்கிறேன். பனையோலையில் கொட்டான் கூடை முடையும் பெண்ணும் அன்று ஆசிரியர்தான். ஆசிரியருக்கு உரிய சம்பளத்தைக் கொடுங்கள்.

சென்னை பக்கம் போகிறவர்கள் முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா என்ற கலை, கைவினை அருங்காட்சியகத்தைப் பாருங்கள். செட்டிநாட்டு வீட்டைப் பிரித்து எடுத்துப்போய் அங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் பானையும் வனையலாம்.

கடைசியாக நாங்கள் வைத்தது கோல வகுப்பு. செட்டிநாட்டு வீடுகளில் போடும் நடுவீட்டுக் கோலத்தைத் தரைக்கல்லுக்கு டிசைனாக வரையச் சொன்னோம். பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஆச்சி ஒருவர் வாசலில் நின்றபடியே, "கோடு தப்பாயிருக்கே ஆத்தா" என்றார். உள்ளே வரச் சொன்னோம். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவர் ஐந்து மணிவரை எழுந்திருக்கவே இல்லை.