மைனஸ்ல வந்த என்ட்ரோபி: பாரிசி போட்ட முடிச்சவிழ்ப்பு

2021 பிசிக்ஸ் நோபல்ல பாதி ஜார்ஜியோ பாரிசிக்கு, மீதி பாதிய க்ளைமேட் ஆராய்ச்சிக்காக மனாபேவும் ஹாசல்மேனும் பங்கு போட்டுக்கிட்டாங்க. அப்போ க்ளைமேட் பத்தி பேசுன அளவுக்கு பாரிசி என்ன பண்ணாருன்னு யாரும் பேசல, எனக்கு அது இன்னும் ஆதங்கம்தான், ஏன்னா அவ்ளோ அழகான விஷயம் அது.

செம்புல கொஞ்சூண்டு இரும்பு அணுக்கள கலந்துக்கோங்க. ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு குட்டி காந்தம், ரெண்டு அணுவுக்கு நடுவுல எவ்ளோ தூரம்ங்கிறத பொறுத்து சில ஜோடி ஒரே பக்கம் திரும்ப பாக்கும், சில ஜோடி எதிரெதிரா நிக்க பாக்கும். இப்ப கல்யாணப் பந்தில எதிரெதிரா ரெண்டு வரிசை, மூணு பேர், மூணு பேருமே "மத்த ரெண்டு பேரும் எனக்கு எதிர்லதான் உக்காரணும்"னு நின்னா எப்படி உக்கார வைப்பீங்க? முடியாது, ஒரு ஜோடி ஒரே வரிசைல வந்தே தீரும். கோடானுகோடி காந்தத்துக்கும் இதே பாடுதான், அதனால குளிர வச்சா ஒழுங்கா அணிவகுக்காம தாறுமாறா அப்படியே உறைஞ்சிடும், கண்ணாடிக்குள்ள அணுக்கள் நிக்கிற மாதிரி. அதான் ஸ்பின் கிளாஸ்.

1975ல ஷெரிங்டனும் கிர்க்பாட்ரிக்கும் இதுக்கு ஒரு மாடல் போட்டாங்க. கணக்கு நேரா போடறது கஷ்டம்னு ஒரே சிஸ்டத்துக்கு நிறைய நகல் எடுத்து, எல்லா நகலும் ஒண்ணுபோலதான்னு வச்சு போட்டாங்க. ஜீரோ டெம்பரேச்சர்ல என்ட்ரோபி ஒரு காந்தத்துக்கு மைனஸ் 0.16னு வந்துச்சு! என்ட்ரோபிங்கிறது எத்தனை விதமா அடுக்கலாம்ங்கிற எண்ணிக்கையோட லாகரிதம், குறைஞ்சது ஒரு விதமாவது இருக்கணும்ல, ஒண்ணோட லாக் ஜீரோ, அதுக்கு கீழ போகவே முடியாது. எங்கயோ தப்பு.

அப்ப பாரிசி ரோம் பக்கத்துல ஃப்ராஸ்காட்டி லேப்ல இருந்தாரு, அடிப்படையில துகள் இயற்பியல்காரர், 1977ல ஆல்டரெல்லியோட சேர்ந்து போட்ட சமன்பாட்ட இன்னிக்கும் ப்ரோட்டான் மோதல் கணக்குல யூஸ் பண்றாங்க. அவரு 1979ல கேட்டது ஒண்ணே ஒண்ணு, நகலெல்லாம் ஏன் ஒண்ணுபோல இருக்கணும்? குழு குழுவா பிரிச்சாரு, மைனஸ் 0.16 மைனஸ் 0.01 ஆச்சு, குழுவுக்குள்ள மறுபடி குழு, அதுக்குள்ளயும் குழுன்னு முடிவில்லாம பிரிச்சுட்டே போனா சரியா ஜீரோவுக்கு வந்து நின்னுடுச்சு.

இதுக்கு என்ன அர்த்தம்னு 1983ல அவரே சொன்னாரு: உறையறதுக்கு ஒரு வழி இல்ல, எக்கச்சக்கமா இருக்கு, ஒவ்வொரு நகலும் ஒவ்வொரு பள்ளத்துல, அதாவது ஆற்றல் கம்மியா இருக்கிற ஒவ்வொரு நிலைல, மாட்டிக்குது. அந்த பள்ளங்களுக்குள்ள இருக்கிற உறவு நம்ம பங்காளி முறை மாதிரியே இருக்கு, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் நெருக்கம், சித்தப்பா பையன் அவங்க ரெண்டு பேருக்கும் ஒரே தூரம். எந்த மூணு பள்ளத்த எடுத்தாலும் இதே கதைதான்.

கணித ஆளுங்களுக்கு மட்டும் நிம்மதி இல்ல, விடை சரி, ஆனா நிரூபணம் எங்க? குவெர்ரா 2003ல பாதி தூரம் கொண்டு வந்தாரு, டாலக்ராண்ட் 2006ல முடிச்சாரு, பாரிசி போட்ட ஃபார்முலா அட்சரம் பிசகாம அப்படியே சரி.