கிராஸ் கன்ட்ரி: எந்த நாட்டைக் கடக்கிறார்கள்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் ஆடவர் கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்பைத் தமிழில் 'நாடு கடந்த ஓட்டம்' என்று எழுதினால், எல்லை தாண்டி ஓடுகிறார்கள் என்றே படிப்பவர் நினைப்பார். 'குறுக்கு நாட்டு ஓட்டம்' அதைவிடக் குழப்பம். இங்கே கன்ட்ரி என்பது தேசம் அல்ல, ஊருக்கு வெளியே கிடக்கும் திறந்த நிலம். சாலையை விட்டிறங்கி அந்த நிலத்தின் ஊடாக ஓடுவதுதான் கிராஸ்.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில் பிறந்த விளையாட்டு இது. முயலாக நடிப்பவர்கள் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டே முன்னால் ஓடுவார்கள். மற்றவர்கள் வேட்டை நாய்களாகத் தடம் பிடித்துத் துரத்துவார்கள். 1876இல் அங்கே முதல் தேசியப் போட்டி நடந்தபோது ஓடியவர்கள் எல்லோருமே வழி தவறியதால், போட்டியே செல்லாது என்று அறிவித்தார்கள். அமெரிக்கக் கல்லூரிகள் இதை முதலில் தடகள வீரர்களுக்கான இலையுதிர்காலப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டன. என்.சி.ஏ.ஏ. போட்டி 1938இல் மிச்சிகனின் ஈஸ்ட் லான்சிங்கில் தொடங்கியது. அப்போது தூரம் 4 மைல். 1965 முதல் 6 மைல், 1976 முதல் 10 கிலோமீட்டர்.

தமிழில் எழுதும்போது அதிகம் தடுமாற வைக்கும் சொல் 'ஸ்கோர்'. அதை 'மதிப்பெண்' என்றால், அதிகம் பெற்ற அணி வென்றது என்று பொருள்பட்டுவிடும். இங்கே குறைந்த எண்ணே வெல்லும். அணிக்கு ஏழு பேர் ஓடலாம். முதலில் வரும் ஐவர் பிடித்த இடங்களைக் கூட்டினால் அதுவே அணியின் கணக்கு. 1+2+3+4+5, அதாவது 15, அதற்குக் கீழே போக முடியாது. ஆறாவது, ஏழாவது வீரர்களின் இடம் கூட்டலில் சேராது. ஆனால் எதிரணியின் ஐந்தாமவரை முந்தினால் அவரை ஓர் இடம் பின்னுக்குத் தள்ளிவிடலாம். அணியில்லாமல் தனியாகத் தகுதி பெற்றவர்களை நீக்கிவிட்டே இடங்களை எண்ணுவார்கள். அதனால் தனிநபர் பட்டியலில் 40ஆவதாக வந்தவர் அணிக் கணக்கில் 30ஆக இருக்கலாம். இதற்கு 'இடப்புள்ளி' என்பதே சரி.

பட்டத்தைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் ஐந்தாவது வீரர்தான். முதல் வீரர் ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறினால் அணிக்கு மிச்சம் நான்கு புள்ளி. நடுக்கூட்டத்தில் ஓடும் ஐந்தாமவர் சில விநாடி சோர்ந்தாலே பத்துப் பதினைந்து பேர் கடந்துபோய்விடுவார்கள். 2022இல் நார்தர்ன் அரிசோனா, ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழக அணிகள் ஆளுக்கு 83 புள்ளியில் நின்றன. முதலாமவரோடு முதலாமவர், இரண்டாமவரோடு இரண்டாமவர் என்று ஐந்து இணைகளையும் ஒப்பிட்டு, அதிக இணைகளில் முந்திய நார்தர்ன் அரிசோனாவுக்குப் பட்டம் தந்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நாடா கொன்றோ காடா கொன்றோ அவலா கொன்றோ மிசையா கொன்றோ' என்ற புறநானூற்று ஔவையின் அடிகளில் நாடு என்பது நிலத்தின் ஒரு வகை. அவல் பள்ளம், மிசை மேடு. ஆனால் இன்றைய காதுக்கு நாடு என்றால் தேசம்தான். அதனால் 'காடுமேட்டு ஓட்டம்' பொருந்தும். கொங்குப் பகுதியில் காடு என்றால் மானாவாரி நிலமும் சேர்த்துத்தான், புல்வெளித் தடத்துக்கு அந்தப் பொருளும் ஒத்துவருகிறது. முழுப்பெயர்: தேசியக் கல்லூரி ஆடவர் காடுமேட்டு ஓட்ட வாகையர் போட்டி. தலைப்பில் இடம் போதாவிட்டால் 'கல்லூரி காடுமேட்டு ஓட்டம்' போதும்.

இன்னொன்று, நேரத்தை வைத்து 'போட்டிச் சாதனை' என்று எழுதும்முன் இடத்தைப் பாருங்கள். மேடும் சேறும் ஊருக்கு ஊர் மாறுவதால், அதே தடத்தில் ஓடிய நேரங்களைத்தான் ஒப்பிட முடியும். அதற்குத் 'தடச் சாதனை' என்று எழுதலாம்.