ஹோமோலோகேஷன்: அரிய கார்களின் விலைக்குள் இருக்கும் ஒரு சொல்

'ஃபெராரி 250 ஜி.டி.ஓ.' என்ற பெயரின் கடைசி எழுத்து, 'ஓமோலோகாத்தோ' (ஏற்கப்பட்டது) என்னும் இத்தாலியச் சொல்லைக் குறிக்கிறது. ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்துள்ள 'ஹோமோலோகேஷன்' அச்சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. கார் பந்தயச் செய்திகளிலும் பழைய கார்களின் ஏல அறிவிப்புகளிலும் வரும் இச்சொல்லை 'அங்கீகாரம்' என்று பெயர்த்துவிட்டுக் கடந்துவிட முடியும். பொருளில் தவறு நேராது. ஆயினும், மிகக் குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட சில கார்கள் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் விலை குன்றாமல் நிற்பதற்கான காரணத்தில் ஒரு பெரும்பகுதி இச்சொல்லின் தனிப்பொருளில்தான் அடங்கியிருக்கிறது என்பதால், அதை வேர்வரை சென்று பார்ப்பது தகும்.

கிரேக்கத்தில் 'ஹோமோஸ்' என்றால் 'ஒரே, அதே' என்று பொருள். 'லெகெய்ன்' என்றால் சொல்லுதல். இரண்டும் சேர்ந்த 'ஹோமோலோகெய்ன்', பிறர் சொல்வதையே தானும் சொல்லுதல், அதாவது உடன்படுதல், ஒப்புக்கொள்ளுதல் என்ற பொருளில் வழங்கியது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இவ்வினை வரும் இடங்களில் தமிழ் மொழிபெயர்ப்பு 'அறிக்கையிடு' என்ற சொல்லை ஆள்கிறது. இடைக்கால இலத்தீன் இதை 'ஹோமோலோகாரே' என்று ஏற்றது. அங்கிருந்து பிரெஞ்சுக்கும் இத்தாலியத்துக்கும் சென்றபோது இது சட்டத்துறைச் சொல்லாயிற்று. இருவர் எழுதிக்கொண்ட ஓர் ஆவணத்தை நீதிமன்றம் பார்த்து, செல்லும் என்று உறுதிசெய்வதைப் பிரெஞ்சுச் சட்டம் இச்சொல்லால் குறித்தது. ஸ்காட்லாந்துச் சட்டத்திலோ, குறைபாடுள்ள ஓர் ஆவணத்தை ஒருவர் தம் நடத்தையாலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதும் நிலைக்கு இப்பெயர் வழங்கிவந்தது. வேதியியலில் நாம் படித்த 'படிவரிசை', உயிரியலில் படித்த 'அமைப்பு ஒத்த உறுப்புகள்' ஆகிய இரண்டும் இதே வேரிலிருந்து கிளைத்த சொற்களுக்கு அமைந்த தமிழாக்கங்களே. அங்கே ஒப்புமை என்ற பொருள் முன்னிற்கிறது, இங்கே ஒப்புதல் என்ற பொருள்.

பந்தயத்துறையில் இச்சொல்லுக்கு ஒரு குறுகிய, துல்லியமான பொருள் ஏற்பட்டது. சாலையில் ஓடும் கார்களுக்கான பந்தயத்தில், பந்தயத்துக்கென்றே ஒற்றைக் காரைச் செய்து கொண்டுவந்து ஒருவர் வென்றுவிடக் கூடாது என்பதற்காக, குறிப்பிட்ட காலத்துக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையிலாவது அதே வகைக் கார்கள் உற்பத்தியாகியிருக்க வேண்டும் என்று பன்னாட்டுக் கார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. விதி வகுத்தது. நிறுவனம் தன் காரின் எடை, என்ஜின் கொள்ளளவு, உடலமைப்பு முதலியவற்றைப் படிவத்தில் எழுதிக் கொடுக்கும்; அமைப்பு ஆராயும்; எண்ணிக்கையும் அளவுகளும் சரியெனக் கண்டால் அந்தக் காரை அந்தப் பிரிவில் ஓடத் தக்கதாக ஏற்கும். அந்த ஏற்புதான் ஹோமோலோகேஷன். ஒருவர் சொன்னதை மற்றவரும் 'ஆம்' என்று சொல்லுதல் என்னும் கிரேக்கப் பொருள் இதில் சிதையாமல் இருப்பதைக் காணலாம்.

விதி எளிதாகத் தோன்றினாலும், அதைச் சுற்றி நடந்தவை எளிதானவையல்ல. 1962இல் தொடங்கிய 250 ஜி.டி.ஓ.வின் பிரிவுக்கு வேண்டிய எண்ணிக்கை பன்னிரண்டு மாதங்களில் 100. ஃபெராரி 1962 முதல் 1964 வரை செய்தவை 36. நான்கு லிட்டர் என்ஜின் பொருத்திய மூன்றையும் சேர்த்தால் 39. இது புதிய காரன்று, முன்பே போதிய எண்ணிக்கையில் செய்யப்பட்ட 250 ஜி.டி. காரின் வளர்ச்சி வடிவமே என்று நிறுவனம் வாதிட்டது. அமைப்பும் அதை ஏற்றுக்கொண்டது. அந்த மூன்று ஆண்டுகளிலும் இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட கார்களுக்குரிய உலகப் பட்டத்தை ஜி.டி.ஓ. வென்றது. 1964இல் என்ஜினை நடுவில் வைத்த 250 எல்.எம். காரையும் இவ்வாறே 250 வரிசையின் தொடர்ச்சி என்று காட்ட ஃபெராரி முயன்றபோது, அமைப்பு உறுதியாக மறுத்துவிட்டது.

போர்ஷே 917இன் கதை இன்னும் கடுமையானது. அந்தப் பிரிவுக்கு 25 கார்கள் வேண்டும். 1969இன் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் முதன்முறை வந்தபோது சில கார்கள் மட்டுமே முழுமையாக இருந்தன. எஞ்சியவை பாதி பூட்டிய நிலையிலும் வெறும் உதிரி உறுப்புகளாகவும் கிடந்ததால் அவர்கள் ஏற்க மறுத்துத் திரும்பினார்கள். பிறகு அலுவலக ஊழியர்கள் உட்படக் கையிலிருந்த அனைவரையும் பூட்டும் வேலையில் இறக்கி, அந்த ஏப்ரலில் சுஃபன்ஹவுசன் தொழிற்சாலை வளாகத்தில் 25 கார்களையும் ஒரே வரிசையில் நிறுத்திக் காட்டியது போர்ஷே. இரண்டாம் முறை வந்தவர்கள் எண்ணிப் பார்த்து ஏற்றார்கள். அந்த வரிசையின் புகைப்படத்தைப் பார்க்கும் எவருக்கும், ஒரு நிறுவனம் தன் பணத்தையும் உழைப்பையும் எவ்வளவு தூரம் பணயம் வைத்தது என்பது விளங்கும்.

இங்கேதான் விலைக்கும் சொல்லுக்கும் உள்ள தொடர்பு தெளிவாகிறது. விதி கேட்ட எண் ஒரு கீழ்வரம்பு. 'இதற்குக் குறையக் கூடாது' என்பதே அதன் ஆணை. நிறுவனங்கள் அந்த எண்ணை ஒட்டியே நின்றதற்குக் காரணம், இத்தகைய கார் ஒவ்வொன்றும் செய்வதற்குப் பெருஞ்செலவு பிடித்ததும், அவ்வளவு பேர் வாங்குவார்களா என்ற அச்சம் இருந்ததும்தான். 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7 காருக்கு வேண்டிய எண் 500. நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்கே 500 கார்கள் விலைபோகும் என்ற நம்பிக்கை இல்லை. ஆனால் அவை விரைவில் தீர்ந்துபோகவே, உற்பத்தி 1,580 வரை சென்றது. அதாவது, இந்தக் கார்களின் அருமை யாரும் திட்டமிட்டு வைத்ததன்று. பந்தயத்தின் தேவைக்கும் செய்வோரின் செலவுக்கும் இடையில் தானாக விளைந்தது. வாங்குவோர் பிற்காலத்தில் பெருவிலை கொடுத்தது இந்த நேர்மைக்கும் சேர்த்துத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

1984இல் ஜெனீவாவில் அறிமுகமான ஃபெராரி ஜி.டி.ஓ.வை, 288 ஜி.டி.ஓ. என்று இன்று பலரும் அழைக்கிறார்கள், 2.8 லிட்டர், 8 சிலிண்டர் என்பதே அந்த எண்ணின் பொருள். எஃப்.ஐ.ஏ.வின் 'குரூப் பி' பிரிவுக்கு வேண்டிய 200 கார்களைக் கருதி இது செய்யப்பட்டது. இதன் என்ஜின் கொள்ளளவு 2,855 கன சென்டிமீட்டர். டர்போ பொருத்திய என்ஜினின் கொள்ளளவை 1.4ஆல் பெருக்கிக் கணக்கிட வேண்டும் என்பது விதி. பெருக்கினால் 3,997 வரும், நான்கு லிட்டர் எல்லைக்குச் சற்றே உள்ளே. விதிப்புத்தகத்தின் ஒரு வரி, காரின் இதயத்திலேயே அளவாகப் பதிந்திருக்கிறது. ஆனால் இந்தக் கார் பந்தயத்தில் ஓடவே இல்லை. அந்தப் பிரிவுக் கார்கள் ஓடிய ராலி என்னும் சாலைப் பந்தயங்களில் நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பின், 1986இல் ஓட்டுநர் ஹென்றி டோய்வோனனும் காரில் உடனிருந்து வழிசொன்ன துணை ஓட்டுநரும் கோர்சிகாவில் இறந்ததையடுத்து, அந்தப் பிரிவே முடிவுக்கு வந்தது. 272 கார்கள் மட்டும் எஞ்சின. அவை இன்று பல மில்லியன் டாலருக்குக் கைமாறுகின்றன.

இதற்கு எதிரான வகையை 'வரம்புப் பதிப்பு' எனலாம். அங்கே எண் ஒரு மேல்வரம்பு; அதை வகுப்பவர் விற்பவரே. ஃபெராரி எஃப்50 காரை 349 என்று நிறுத்தியதற்கு நிறுவனம் சொன்ன காரணம், 350 விற்கும் என்று கணித்து, அதில் ஒன்றைக் குறைத்தோம் என்பது. அதே நிறுவனத்தின் என்ஸோ கார் முதலில் 349 என்று அறிவிக்கப்பட்டு, கேட்பவர் பெருகியதால் 399 ஆயிற்று. அதன் பின்னும் நானூறாவதாக ஒன்று செய்யப்பட்டுப் போப் இரண்டாம் ஜான் பாலுக்குக் கொடுக்கப்பட்டு, 2005இல் ஏலம் விடப்பட்டது. அந்தத் தொகை, முந்தைய டிசம்பரில் நம் கரைகளையும் அழித்த ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டோருக்கான உதவிக்குச் சென்றது. அந்த ஒரு காரை வைத்து எவரும் குறை சொல்ல மாட்டார். ஆயினும், விற்பவர் போட்ட வேலியை விற்பவரே நகர்த்த முடியும் என்பதை வாங்குவோர் மறக்கலாகாது. ஏறத்தாழ 400 என்று திட்டமிடப்பட்ட ஃபெராரி எஃப்40, முடிவில் 1,300ஐத் தாண்டியது. 1980களின் இறுதியில் லாப நோக்கில் வாங்கியவர்களால் ஏறிய அதன் விலை, 1990களின் தொடக்கத்தில் பெரிதும் சரிந்தது. பின்னர் அது மீண்டும் ஏறியதற்கு, கார் ஓட்டும் அனுபவத்தில் அது ஈடற்றது என்ற மதிப்பே காரணம். எண்ணிக்கை அதற்கு உதவவில்லை.

விலை குன்றாமை என்பது முதல் நாளிலிருந்தே இருந்ததும் அன்று. 250 ஜி.டி.ஓ.கூடப் பந்தயத்தில் பழையதான பிறகு, 1960களின் இறுதியில் பத்தாயிரம் டாலருக்கும் குறைவாக விற்றிருக்கிறது. புதிதாக வாங்கியபோது அது அமெரிக்காவில் ஏறத்தாழ 18,000 டாலர். அதை மீட்டது காலமும் ஆவணமும். எந்த சேசிஸ் (அடிச்சட்டம்) எண், எந்தப் பந்தயத்தில், யார் கையில், எந்த இடத்தில் வந்தது என்பதைச் சொல்லும் பதிவுகள் இத்தகைய கார்களுக்கு உண்டு; பந்தயத்துக்காக ஏற்கப்பட்ட கார் என்பதாலேயே அவை காக்கப்பட்டன. சேசிஸும் என்ஜினும் தொழிற்சாலையில் ஒன்றாகப் பூட்டப்பட்டவைதாமா என்பதைச் சரிபார்த்துச் சான்று தருவதற்கென்றே ஃபெராரி ஒரு தனிப்பிரிவை நடத்துகிறது. 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டரேயில் ஒரு ஜி.டி.ஓ. 4.84 கோடி டாலருக்கும், 2023 நவம்பரில் நியூயார்க்கில் நான்கு லிட்டர் என்ஜினோடு பிறந்த மற்றொன்று 5.17 கோடி டாலருக்கும் ஏலம்போனபோது, காரோடு சேர்ந்து கைமாறியது அந்த வரலாறுதான்.

சொல்லின் மதிப்பு ஏறியதும், அதை அணியாகப் பூணுவோரும் தோன்றினார்கள். அமெரிக்காவின் போன்டியாக் நிறுவனம் 1964ஆம் ஆண்டு மாதிரியாக ஒரு காருக்கு ஜி.டி.ஓ. என்று பெயரிட்டது, எந்தப் பந்தய அமைப்பின் ஏற்பும் அதற்குப் பின்னால் இல்லை, அந்த ஓராண்டில் மட்டும் 32,000க்கு மேல் விற்றது. நல்ல கார்தான், பெயர்தான் பொருளற்றது. ஃபெராரியே 2010இல் கொண்டுவந்த 599 ஜி.டி.ஓ. எந்தப் பந்தயப் பிரிவின் ஏற்புக்காகவும் செய்யப்பட்டதன்று. 599 என்ற பெயருக்கேற்ப 599 கார்கள் என்று எண் வகுக்கப்பட்டது. கீழ்வரம்பிலிருந்து பிறந்த சொல், மேல்வரம்பின் மேல் ஒட்டப்பட்டுவிட்டது.

ஏற்பு பெற்றால்தான் விலை என்று இதிலிருந்து விதி செய்துவிட முடியாது. ஏற்பு மறுக்கப்பட்ட 250 எல்.எம். கார்களில் ஒன்று, 1965 லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அதே கார் 2025இல் பாரிஸில் 3.488 கோடி யூரோவுக்கு ஏலம்போனது. மெக்லாரன் எஃப்1 முதலில் சாலைக்காகவே வடிவமைக்கப்பட்டது. 300 வரை செய்ய எண்ணியும், விலையைத் தாங்குவோர் போதாமையால் பந்தயக் கார்கள் உட்பட 106இல் நின்றது. அவற்றுள் சாலைக்கான அடிப்படை வடிவம் 64. 2021இல் அவற்றில் ஒன்று 2 கோடி டாலரைக் கடந்தது. இவ்விரண்டிலும் எண்ணிக்கையைக் குறைத்தது விளம்பரக் கணக்கு அன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி, தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'அங்கீகாரம்' பள்ளிக்கும் கட்சிக்கும் வழங்குவது, மிகப் பொதுவானது. 'ஒப்புதல்' வேர்ப்பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் வரவுசெலவுத் திட்டம் முதல் வீட்டு வரைபடம் வரை எதற்கும் அதுவே ஆளப்படுவதால், எண்ணியும் அளந்தும் பார்த்தபின் ஏற்பது என்ற கூறு அதில் தெரிவதில்லை. 'உடன்மொழிவு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அழகாகவே இருக்கும். எனினும் விளக்கமின்றிப் படிப்பவருக்குப் புரியாது. நான் பரிந்துரைப்பது 'தகுதியேற்பு'. தகுதியைக் காட்டுபவர் ஒருவர், ஏற்பவர் மற்றொருவர் என்னும் இருபக்கமும் அதில் வெளிப்படையாக உள்ளன.

இந்தியாவில் வாகனத் தொழிலில் இருப்போர் இதே ஆங்கிலச் சொல்லை வேறொரு பொருளிலும் ஆள்கிறார்கள். புதிய வாகனத்தின் மாதிரியைப் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை மையங்களில் கொடுத்து, மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது சாலைக்கு ஏற்றதெனச் சான்று பெறுவதே அது. வெளிநாட்டில் முன்பே சான்று பெற்ற வாகனங்களை ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வரை இங்கே மறுசோதனையின்றி இறக்குமதி செய்யலாம் என்று 2018இல் அரசு தளர்த்தியது. அரிய கார்கள் இங்கு வருவதற்கு அதுவும் ஒரு வழியாயிற்று. இந்த இரண்டாம் பொருளுக்கு 'வகை ஒப்புதல்' என்பதே பொருந்தும். அங்கே எண்ணிக்கைக்கு இடமில்லை, பாதுகாப்பும் மாசு அளவுமே கேள்வி. பந்தயப் பொருளில் வரும்போது தகுதியேற்பு என்றும், அதற்கான ஆவணத்தைத் தகுதியேற்புப் படிவம் என்றும், விதியை நிறைவேற்றுவதற்காகவே சாலைக்கென விற்கப்பட்ட கரேரா ஆர்.எஸ்., 288 ஜி.டி.ஓ. போன்றவற்றைத் தகுதியேற்புக் கார்கள் என்றும் எழுதலாம்.