பார்க்கும் புத்தகம், படிக்கும் புத்தகம்

வேலை கேட்டு வரும் இளம் டிசைனர்களின் போர்ட்ஃபோலியோவை, அதாவது அவர்கள் செய்த வேலைகளின் தொகுப்பைப் பார்ப்பது என் பொறுப்புகளில் ஒன்று. ஐந்து பேருடையதை அடுத்தடுத்துப் பார்த்தால் சில நாள் ஒரே ஆள் செய்தது போலத் தெரியும். அதே வெளிறிய நிறங்கள், அதே தடித்த தலைப்பு, அதே உருண்ட மூலைகள். “இந்த நிறத்தை ஏன் எடுத்தீங்க?” என்று கேட்டால், “பார்க்க நல்லா இருந்துச்சு சார்” என்பதோடு பதில் நின்றுவிடும். எங்கே பார்த்தார்கள் என்பது எனக்கும் தெரியும். நானும் அதே படங்களைத்தான் தினமும் போனில் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் புத்தகம் பற்றிக் கேட்பேன். பெரும்பாலும் லோகோ தொகுப்பு, போஸ்டர் தொகுப்பு என்றுதான் சொல்வார்கள். என்னிடமும் அவை இருக்கின்றன, தப்பில்லை. ஆனால் அவை விடையை மட்டும் காட்டுகின்றன, கணக்கைக் காட்டுவதில்லை.

எனக்கு இது புரிய ஒரு சறுக்கல் தேவைப்பட்டது. நான் வரைந்த ஒரு படிவத்தில் ‘சேமி’, ‘அழி’ இரண்டு பட்டன்களும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பார்க்க அவ்வளவு ஒழுங்கு! மக்கள் நிரப்பியதையெல்லாம் அழித்துவிட்டுப் புகார் சொன்னார்கள். நான் கொடுத்த தீர்வு, மேலே ‘கவனமாக அழுத்தவும்’ என்று ஒரு வரி. அந்தச் சமயத்தில்தான் உளவியல் ஆய்வாளர் டான் நார்மனின் ‘தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்’ கைக்கு வந்தது. 1988-ல் வந்தபோது அதன் தலைப்பில் ‘டிசைன்’ இல்லை, ‘சைக்காலஜி’ என்றுதான் இருந்தது. கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று ஒருவர் தடுமாறினால் தப்பு அவருடையது இல்லை, கதவுடையது என்கிறார் நார்மன். ‘தள்ளு’ என்று எழுதி ஒட்ட வேண்டியிருந்தால் அந்தக் கதவின் வடிவமைப்பு தோற்றுவிட்டது. நான் சேர்த்த வரியும் அப்படி ஒட்டிய சீட்டுதான். ‘யூசருக்குப் புரியலை’ என்று மீட்டிங்கில் சொல்வதை அன்றோடு விட்டேன்.

என்னை அதிகம் மாற்றியது ஓவியரும் ஆசிரியருமான ஜோசப் ஆல்பர்ஸின் ‘இன்டராக்‌ஷன் ஆஃப் கலர்’. 1963-ல் வந்தது. ஒரு நிறம் அடுத்திருக்கும் நிறத்தால் மாறித் தெரியும் என்பதைச் சொல்லிக்கொடுப்பதைவிடச் செய்து பார்க்க வைக்கும் புத்தகம். பெயின்ட் வேண்டாம், வண்ணக் காகிதத்தை வெட்டிப் பயிற்சி செய் என்கிறார். நான் புத்திசாலித்தனமாக முதலில் கம்ப்யூட்டரில் செய்து பார்த்தேன். பயனில்லை. இரண்டு நிறமும் ஒன்றா என்று சந்தேகம் வந்தவுடன் கை தானாக, கம்ப்யூட்டர் ஒவ்வொரு நிறத்துக்கும் காட்டும் எண்ணைப் பார்த்துவிடுகிறது. கண்ணுக்கு வேலையே இல்லை. காகிதத்தில் அந்த வசதி கிடையாது.

அதற்குப் பிறகு ஒரு கிளையன்ட், “ரெண்டாவது பக்கத்தில் எங்க லோகோ கலர் மாறிப்போச்சு” என்றார். எண் ஒன்றுதான். பழைய நானாக இருந்தால் அந்த எண்ணைக் காட்டி வாதாடி ஜெயித்திருப்பேன். ஆனால் அவர் கண்ணுக்கு மாறித்தான் தெரிந்தது, ஏனென்றால் பின்னணி வேறு. பின்னணியை மாற்றினேன், பிரச்சினை முடிந்தது.

சரி, புத்தகத்தில் இருப்பதை அப்படியே பின்பற்றிவிடலாமா? இங்கேதான் எச்சரிக்கை தேவை. ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் ஒரு கவிஞர். எழுத்துகளைப் பக்கத்தில் அமைக்கும் எழுத்துருக்கலை பற்றி 1992-ல் அவர் எழுதிய புத்தகம் ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்து போதும், 66 சிறப்பு என்கிறது. அந்த எண்ணைத் தமிழுக்கு எடுத்து வந்தால் சிக்கல். ‘கொ’ ஓர் எழுத்தா, மூன்று வடிவமா? நம் சொற்களும் நீளம். குறுகிய பத்தியில் இருபுறமும் சீராக்கினால் வரிக்கு வரி ஓட்டை விழும். ரோமன் எழுத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் நம் கொம்பும் சுழியும் மேல்வரி கீழ்வரியோடு முட்டிக்கொள்ளும். எண்ணை விட்டுவிட்டு, ஒரு வரி முடிந்ததும் கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தடுமாறாமல் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

ஜெர்மன் அச்சு வடிவமைப்பாளர் யான் ட்ஸிகோல்ட் 1928-ல் எழுதிய புத்தகத்தில் புதிய அச்சுக்கலைக்கு விதிகளை அடித்துச் சொன்னார். பிற்காலத்தில் அவரே அதன் கெடுபிடியை விமர்சித்து, பழைய மரபு வடிவங்களுக்குத் திரும்பினார். எழுதியவரே மாறும்போது நாம் ஏன் விதிக்குக் காவல் நிற்க வேண்டும்?

தரவுகளை வரைபடமாக்குபவர்களுக்கு எட்வர்ட் டஃப்டி 1983-ல் வெளியிட்ட புத்தகம் போதும். அதன் அச்சும் அமைப்பும் தன் கையிலேயே இருக்க வேண்டும் என்று வீட்டை அடமானம் வைத்துத் தானே பதிப்பித்தவர் அவர். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அடுக்கும் கிரிட் முறை பற்றி அறிய சுவிஸ் டிசைனர் முல்லர்-ப்ரோக்மனின் புத்தகம். டிசைன் புத்தகமே இல்லாத ஒன்றும் வேண்டுமென்றால், ஜப்பானிய எழுத்தாளர் தனிசாகி 1933-ல் நிழலைப் பற்றித் தொடங்கிய நீண்ட கட்டுரை. எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கும் என் ஆசையை அது கொஞ்சம் அடக்கியது.

இப்போதெல்லாம் புத்தகத்தை இரவல் கொடுக்கும்போது ஒரே நிபந்தனை: அதிலிருந்து ஏதாவது ஒன்றைச் செய்து கொண்டுவர வேண்டும். ஆல்பர்ஸை எடுத்துப்போன பெண் திருப்பித் தந்தபோது நடுவில் ஓர் அட்டை இருந்தது. பாதி கறுப்பு, பாதி மஞ்சள். இரண்டிலும் ஒவ்வொரு சாம்பல் நிறக் காகிதத் துண்டு. இரண்டும் ஒரே தாளில் வெட்டியது என்று பின்னால் எழுதியிருந்தார். ஒன்றைப் பிய்த்து மற்றதன் மேல் வைத்துப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.