இருட்டில் நிற்கும் மின்வண்டிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கரண்ட் போனால் கைகொடுக்கும் மாற்று மின்சார அமைப்புகள் பொருத்துவது என் வேலை. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது சாட்ஸ்வொர்த்தில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து விடியற்காலையில் அழைப்பு வந்தது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. டேங்கில் டீசல் இருந்தது, ஆனால் அதைக் கிளப்பும் சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். வேறு பேட்டரி போட்டு ஓடவிட்டோம். மறுநாள் டீசல் தீர்ந்தது, சாலைகளோ உடைந்து கிடந்தன. இன்சுலின் வைத்த ஃபிரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, "தம்பி, கரண்ட் எப்போ வரும்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த நாட்களில் குடிநீரும் மருத்துவ உதவியும் கொண்டுவந்தவர்களில் ராணுவத்தினரும் இருந்தார்கள். அவர்களுடைய முகாமே இருண்டுபோனால் யார் வருவார்கள் என்ற கேள்வி அப்போதிருந்து என்னை விடவில்லை. முகாம்களும் பெரும்பாலும் ஊர் மின்கம்பியையே நம்பியிருக்கின்றன. கட்டடத்துக்கு ஒரு ஜெனரேட்டர் இருக்கும். ஒன்று நின்றால் பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டர் உதவிக்கு வர முடியாது.

அமெரிக்க ராணுவம் இதற்கு ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தது. கொலராடோவின் ஃபோர்ட் கார்சன் முகாமில் 2013 வாக்கில் சூரிய மின்தகடுகள், டீசல் ஜெனரேட்டர்கள், மின்லாரிகள் மூன்றையும் இணைத்து ஒரு சிறு மின்கட்டம் அமைத்தார்கள். ஊர் மின்சாரம் போனால் முகாம் அதிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு தானே இயங்கும். லாஸ் ஏஞ்சலஸ் விமானப்படைத் தளத்தில் 2014-ல் அலுவலக வேலைக்கான 40-க்கும் மேற்பட்ட வண்டிகளை மின்வண்டிகளாக மாற்றி, அவற்றில் பலவற்றின் பேட்டரியை ஊர் மின்கட்டத்தின் அதிர்வெண்ணை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலையடிக்கிறது என்பதைச் சீராக வைக்கவும் பயன்படுத்தினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் பேட்டரியின் வேகம். ஜெனரேட்டர் சுற்றிச் சூடாகி நிலைக்குவரச் சில நொடிகளாவது ஆகும், பேட்டரி கண்ணிமைக்கும் நேரத்தில் மின்பாரத்தைத் தாங்கும். தவிர, ஜெனரேட்டரைக் குறைந்த பாரத்தில் நாள் முழுக்க ஓடவிட்டால் டீசல் வீணாகும், எஞ்சினில் கரி படியும். நல்ல பாரத்தில் கொஞ்ச நேரம் ஓட்டி, மிச்சத்தை வண்டி பேட்டரிகளில் நிரப்பிவைத்தால் அதே டேங்க் இன்னும் பல மணி நேரம் வரும்.

ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. மின்வண்டி வாங்கியதாலேயே யாருக்கும் காப்பு மின்சாரம் கிடைத்துவிடாது. சாதாரண சார்ஜர் மின்சாரத்தை உள்ளே மட்டும்தான் அனுப்பும். வெளியே எடுக்க இருவழி சார்ஜர் வேண்டும், அதற்கு ஒத்துழைக்கிற வண்டியும் வேண்டும். ஊர்க்கம்பி செத்துக் கிடக்கும்போது தானே 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை) அலையை உருவாக்கும் இன்வெர்ட்டரும் வேண்டும். இவை இல்லாத முகாமில் மின்வண்டி இன்னொரு சுமைதான்.

அடுத்தது கணக்கு. 60 கிலோவாட்-மணி பேட்டரியில் 30 சதவீதத்தை ஓட்டத்துக்கு ஒதுக்கினால் மிச்சம் 42. ஐந்து கிலோவாட் இழுக்கும் ஒரு சிறு கிளினிக்குக்கு அது எட்டு மணி நேரத்துக்குப் போதும். பத்து வண்டி என்றால் மூன்று நாளுக்கு மேல் தாங்கும். அதுவும் பேட்டரி நிரம்பியிருந்தால்தான். முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட்ஷெடிங்குக்கு அட்டவணை உண்டு, முன்கூட்டியே சார்ஜ் செய்துகொள்ளலாம். வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. ஆகவே எந்த வண்டி எவ்வளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை எழுதிவைத்து, ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். இங்கேதான் திட்டங்கள் சறுக்குகின்றன.

அப்புறம், வீட்டில் யாரும் இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயரால் வண்டியையோ ஜெனரேட்டரையோ சுவர் சாக்கெட்டில் சொருகாதீர்கள். அந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வழியே பின்னோக்கிப் போய் உயர் அழுத்தமாகிவிடும். தெருவில் கம்பி செத்திருக்கிறது என்று நம்பி ஒரு லைன்மேன் அதைத் தொட்டுக்கொண்டிருப்பார். ஊர்க்கம்பியைத் துண்டித்த பிறகே ஜெனரேட்டரை வீட்டோடு இணைக்கும் மாற்றுச் சுவிட்ச் பொருத்தி, பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனிடம் இணக்கச் சான்றிதழ் வாங்கிய பிறகே இணையுங்கள்.

அந்த முதியோர் இல்லத்தில் இப்போது மாதத்தின் முதல் திங்கட்கிழமை மெயின் சுவிட்சை வேண்டுமென்றே அணைத்து ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்கிறோம். ஃபிரிட்ஜ் நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பது பாட்டியின் பொறுப்பு.